ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மாதக்கணக்கில் இளகிய மலம்: சோறா, புழுவா, வேறு ஏதாவதா?

வைகைக்கரை, மதுரை

வணக்கம். எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் பெயர் மணி. ஆண், இரண்டரை வயது. எடை 24 கிலோதான் இருக்கிறது. இந்த இனத்தில் ஆண் நாய் 30 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள். மணிக்கு விலா எலும்பு வெளியே தெரிகிறது.

காலையில் தயிர் சாதம், இரவில் கோழி வேகவைத்த சோறு. தட்டில் வைத்த வேகத்தில் காலி செய்துவிட்டு மறுபடியும் வந்து நிற்பான். பசி அடங்குவதே இல்லை. ஆனால் மலம் பல மாதமாகச் சரியில்லை. கூழ் மாதிரி, மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில், நிறைய போகிறான். சில நேரம் தன் மலத்தையே தின்னப் பார்க்கிறான். வாந்தி இல்லை. விளையாட்டில் குறையில்லை.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தால் சில நாள் மலம் கெட்டிப்படும், நிறுத்தியதும் பழையபடி ஆகிவிடும். உணவை மாற்றினால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிப்பிப்பாறையான், விருதுநகர்

தயிர் சாதத்தை முதலில் நிறுத்துங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. குட்டியாகத் தாய்ப்பால் குடிக்கும்போது இருக்கும் நொதி பிறகு குறைந்துவிடும். நல்ல பாக்கெட் உணவுக்கு மாற்றிப் பாருங்கள். ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, அப்புறம் பாதிக்குப் பாதி, அப்புறம் முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் கொண்டுபோக வேண்டும்.

செவலை, தஞ்சாவூர்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நம் கிராமத்து நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறும் மோரும் குடித்து வளர்ந்தவை. எங்கள் தோட்டத்து நாய் பதின்மூன்று வயது வரை பழைய சோற்றில்தான் இருந்தது. நாய் மாமிசம் மட்டும் தின்னும் விலங்கு, சோறு ஆகாது என்பதெல்லாம் உணவு விற்பவர்கள் கிளப்பிவிட்டது.

சிப்பிப்பாறையான்

சோறு ஆகாது என்று நான் சொல்லவில்லையே செவலை அண்ணே. தயிரைத்தான் சொன்னேன். என் வீட்டு நாய்களுக்கும் கம்பங்கூழும் சோறும் உண்டு.

கால்நடை மருத்துவன், நாமக்கல்

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. நாய் மாவுச்சத்தை நன்றாகவே செரிக்கும். 2013-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஓநாயின் மரபணுவையும் நாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிதான். நாய்களில் நான்கு முதல் முப்பது பிரதி வரை இருந்தது. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, மனிதன் தின்பதைத் தின்று வந்த மாற்றம் அது. தயிரைப் பொறுத்தவரை, உறை ஊற்றும்போதே லாக்டோஸில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் பாலைத் தாங்காத நாய் கொஞ்சம் தயிரைத் தாங்கும்.

ஆனால் வைகைக்கரையின் பிரச்சினை அதுவாக எனக்குத் தோன்றவில்லை. உணவை மாற்றும் முன்பு சில கேள்விகள்:

ஒரு நாளில் எத்தனை முறை போகிறான்? ஒவ்வொரு முறையும் அளவு அதிகமா, கொஞ்சம் கொஞ்சமா? முக்குகிறானா? சளி, சிவப்பு ரத்தம் உண்டா? மலத்தில் எண்ணெய்ப் பசை தெரிகிறதா? வயிற்றில் சத்தம், காற்று பிரிதல் அதிகமா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், கோளாறு சிறுகுடலிலா பெருங்குடலிலா என்பதை மலமே பாதி சொல்லிவிடும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கி, சளியோடும் சொட்டு ரத்தத்தோடும் போனால் பெருங்குடல். எடை பெரும்பாலும் குறையாது. முறை அதிகம் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் குவியலாகப் போகிறது, நாய் இளைத்துக்கொண்டே வருகிறது என்றால் சிறுகுடலோ அதற்குச் சாறு அனுப்பும் கணையமோ.

வைகைக்கரை

டாக்டர், மூன்று நான்கு முறை போகிறான். ஒவ்வொரு முறையும் அளவு மிக அதிகம். முக்குவதில்லை, சளி இல்லை, ரத்தம் பார்த்ததே இல்லை. எண்ணெய்ப் பசை என்று நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், தரையைக் கழுவும்போது வழவழப்பாக இருக்கிறது. காற்று பிரிவது ரொம்பவே அதிகம். வயிறு உருளும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும்.

கால்நடை மருத்துவன்

அப்படியானால் நான் முதலில் நினைப்பது கணையத்தைத்தான். கணையம் செரிமான நொதிகளைப் போதுமான அளவு சுரக்காத ஒரு நோய் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் பரம்பரையாக வரும். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கும். நொதி சுரக்கும் திசுவை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடும். தொண்ணூறு சதவீதம் அளவுக்குத் திசு போன பிறகுதான் வெளியே தெரியும். அதனால் நேற்று வரை நன்றாக இருந்தான் என்பது போலத் தோன்றும்.

தின்பது செரிக்காமல் அப்படியே கீழே இறங்கும். கொழுப்பு செரிக்காததால் எண்ணெய்ப் பசை, வெளிர் நிறம். உடம்புக்குச் சத்து சேராததால் ஓயாத பசி. மலத்தில் உணவுச்சத்து மிச்சம் இருப்பதால் அதையே தின்னப் பார்ப்பது. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் இதோடு பொருந்துகிறது. அதற்காக எழுத்தைப் படித்தே நோயை முடிவு செய்ய முடியாது. ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் உயிரியும் வெளிர் மலம் தரும். சாதாரணப் பூச்சி மருந்தின் ஒரே வேளைக்கு அது போகாது, பென்பெண்டசோலைத் தொடர்ந்து சில நாள் கொடுக்க வேண்டும். அது தினமும் மலத்தில் வெளிவராது என்பதால் மூன்று வெவ்வேறு நாள் மலத்தைப் பரிசோதிப்பது நல்லது.

கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் டிஎல்ஐ. கணையம் போதுமான அளவு சுரக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் வேண்டும். கூடவே பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் வசதி இல்லை என்றால் ரத்தத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலோ சென்னை வேப்பேரியிலோ கேட்டுப் பார்க்கலாம்.

அதுவரை மெட்ரோனிடசோல் வேண்டாம். இதை எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் தானாகவே அடங்கும். அந்த மாத்திரை குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்தே அழிக்கிறது, பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கிறது என்பதற்காகத் திரும்பத் திரும்பக் கொடுப்பது நாய்க்கு நல்லதே இல்லை.

காவிரிப்பெண், கும்பகோணம்

இதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அசைவம் சமைக்க மாட்டோம். லேப்ரடார் வளர்க்கிறோம், 25 கிலோ. இரண்டு வேளையும் தயிர் சாதம்தான். மலம் கெட்டியாகவே இருக்கிறது. ஆனால் முடி மங்கி, சோம்பலாக இருக்கிறது. தயிர் சாதம் மட்டும் போதாதா?

அடுப்படி, கோயம்புத்தூர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன் காவிரிப்பெண். என் நாய்களுக்கு வீட்டிலேயே சமைக்கிறேன். அதனால் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு.

25 கிலோ எடையில் கருத்தடை செய்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1250 கலோரி வேண்டும். வேகவைத்த 100 கிராம் சோற்றில் 130 கலோரி, புரதம் மூன்று கிராமுக்கும் குறைவு. 100 கிராம் தயிரில் 60 கலோரி, புரதம் மூன்றரை கிராம் அளவு. இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு தயிர் என்று பிசைந்தால் 1250 கலோரிக்குக் கிட்டத்தட்ட 1.2 கிலோ வைக்க வேண்டும். அவ்வளவும் தின்றால்கூட நாய்க்குக் கிடைக்கும் புரதம் 35 கிராம்தான். விலங்கு உணவுக்கு அளவு வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வளர்ந்த நாய்க்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் என்கிறது. உங்கள் நாய்க்கு அது 56 கிராம். குறை எவ்வளவு என்று பாருங்கள். இரும்பும் துத்தநாகமும் போதாது, தோலுக்கும் முடிக்கும் வேண்டிய கொழுப்பு அமிலங்கள் ஏறக்குறைய இல்லை. முடி மங்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

நாயைப் பொறுத்தவரை, அசைவம் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். முட்டைக்கு வீட்டில் இடம் உண்டா? ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். பனீர், வேகவைத்த சோயா, நன்றாகக் குழைந்த பாசிப்பருப்பு இவற்றைச் சேர்க்கலாம். முட்டையும் கூடாது என்றால், வளர்ந்த நாய்க்கு முழுமையான உணவு என்று அச்சிட்ட சைவப் பாக்கெட் உணவைப் பார்ப்பதே நல்லது.

காவிரிப்பெண்

முட்டைக்குத் தடையில்லை அக்கா, தனிப் பாத்திரத்தில் வேகவைக்கலாம். அசைவம் சமைக்கும் வீட்டில் நீங்கள் என்ன வைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

அடுப்படி

என் 25 கிலோ நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு: தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 200 கிராம், சோறு அரை கிலோ, பரங்கிக்காயும் கேரட்டும் 150 கிராம், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஓடியாடும் நாள் என்றால் சோறு கொஞ்சம் கூடும். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் கிடையாது. இதை இரண்டு வேளையாகப் பிரித்து வைப்பேன்.

பலர் விட்டுவிடுவது சுண்ணாம்புச் சத்து. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. கறியும் சோறும் மட்டும் தின்றால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். நான் முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாக அரைத்து, தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகத் தினமும் கலக்கிறேன். ஒரு தேக்கரண்டி ஓட்டுத்தூளில் இரண்டு கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. இது வளர்ந்த நாய்க்குச் சொன்ன அளவு. பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் அதிகமானாலும் எலும்பு கோணும். குட்டிக்கு டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ குறையும். அதற்குத் தனியாகச் சத்துத்தூள் போடுகிறேன். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2013-ல் நாய்க்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது தேவைக்குக் கீழே இருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளும் அதில் உண்டு. அன்பாகச் சமைத்தால் மட்டும் சத்து சேர்ந்துவிடாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

செவலை

கணக்கைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்து நாய் சோறு போக எலி, ஓணான், வெட்டுக்கிளி எல்லாம் பிடித்துத் தின்னும். ஆடு வெட்டும் நாளில் குடல் கிடைக்கும். அந்தப் புரதத்தை நான் கணக்கில் எடுத்துப் பேசவில்லை. மாடி வீட்டில் கட்டிப்போட்ட நாய்க்கு அது கிடையாதுதான்.

கோழிக்கடையில் கழுத்து, கால், தலை எல்லாம் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வேகவைத்துப் போடலாமா?

கால்நடை மருத்துவன்

வேகவைத்த எலும்பு கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும். தொண்டையில் சிக்கும், குடலைக் கிழிக்கும், இல்லை என்றால் பொடிப்பொடியாகி ஆசனவாய்க்கு மேலே சிமெண்ட் போல இறுகி அடைத்துக்கொள்ளும். பண்டிகை முடிந்த மறுநாள் எங்கள் மருத்துவமனைக்கு இப்படி வரும் நாய்கள் நிறைய. பச்சையாகப் போடலாம் என்பவர்கள் உண்டு. நம் வெயிலில், நம் கடைகளில் கறி கிடக்கும் நிலையில், சால்மோனெல்லா கிருமி நாயைவிட வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் பாட்டிக்கும்தான் முதலில் ஆபத்து. கழுத்தை வேகவைத்துச் சதையை மட்டும் உரித்துப் போடுங்கள்.

பண்டிகை என்றதும் இன்னொன்று. ஆட்டுக்கொழுப்பையும் தோலையும் ஒரே நாளில் அள்ளி வைத்தால் கணைய அழற்சி வரலாம். இது மணிக்கு இருக்கும் என்று நான் சந்தேகிப்பதிலிருந்து வேறு நோய். நாய் விடாமல் வாந்தி எடுக்கும், முன்னங்காலை நீட்டித் தரையில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வயிற்று வலியின் அடையாளம் அது.

ஆவாரம்பூ, திண்டுக்கல்

அவசரம். தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி, இரண்டரை மாதம் இருக்கும். காலையிலிருந்து வாந்தி. இப்போது ரத்தமாகக் கழிகிறது, நாற்றம் தாங்க முடியவில்லை. தடுப்பூசி போடவில்லை. மோரில் உப்புப் போட்டுக் கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவன்

எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்கும் குட்டிக்குப் புரையேறும். உடனே கிளம்புங்கள். பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் போலத் தெரிகிறது, மற்ற நாய்களுக்கும் தொற்றும். போகும்போது ஒரு துணியில் சுற்றி, மற்ற நாய்கள் நிற்கும் இடத்தில் இறக்காமல் கையிலேயே வைத்திருங்கள். மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

பூனையார் வீடு, திருச்சி

ஆவாரம்பூ, பதிலுக்குக் காத்திருக்கிறோம். குட்டி பிழைத்து வரட்டும்.

இந்த இழையில் பூனையைப் பற்றி யாரும் எழுதவில்லை. நாய்க்குச் சொல்வதைப் பூனைக்கும் செய்துவிடுவார்களோ என்று எழுதுகிறேன். பூனைக்குச் சைவம் என்பது நடக்காத காரியம். டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையின் உடலால் தேவையான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது கறியிலும் மீனிலும்தான் கிடைக்கும். குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் வீங்கித் தளரும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-ல் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் பூனை உணவு தயாரிப்பவர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். பால் சோறு தின்று கொழுகொழுவென்று இருக்கும் பூனையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

மீன் மட்டும் போடுவதும் சரியில்லை. பச்சை மீன் பல வகைகளில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டவே வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் பூனைக்கு நாள் பார்க்க முடியாது. ஒன்று, பூனை இரண்டு நாளாக எதுவுமே தின்னவில்லை என்றால், குறிப்பாகக் குண்டுப் பூனை என்றால், உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரல் செயலிழக்கும். நாயைப் பட்டினி போட்டு வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது போலப் பூனைக்குச் செய்யாதீர்கள். இரண்டு, ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

வயிற்றுவலி, காய்ச்சல் என்று யாரும் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே கொல்லும்.

ஆவாரம்பூ

குட்டிக்கு ட்ரிப்ஸ் போகிறது. பரிசோதனைக் கிட்டில் பார்த்தார்கள், பார்வோதான். சில நாள் அங்கேயே இருக்கட்டும் என்கிறார்கள். வீட்டில் ஐந்து வயது நாய் ஒன்று இருக்கிறது, அதற்கு வருமா?

கால்நடை மருத்துவன்

சீக்கிரம் கொண்டுபோனது நல்லது. பார்வோ கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இல்லாத நிலையிலும், நீர்ச்சத்து குறையாமல், வாந்தியை அடக்கி, வேறு கிருமி ரத்தத்தில் கலக்காமல் பார்த்துக்கொண்டால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன. வாந்தி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவு தொடங்குவார்கள். குடல் ஆறுவதற்கு அதுவும் ஒரு மருந்து.

பெரிய நாய்க்கு ஒழுங்காகத் தடுப்பூசி போட்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை. விட்டுப்போயிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். வீட்டைச் சோப்பு போட்டுக் கழுவி அழுக்கை நீக்கிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பினாயில் போதாது. மண்ணில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முழுவதும் போடாத குட்டியை அந்த முற்றத்தில் விடக் கூடாது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் தாண்டும் வரை. ஒரே ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை முறித்துவிடும் என்பதால்தான் திரும்பப் போடச் சொல்கிறோம்.

சிப்பிப்பாறையான்

டாக்டர், பூச்சி மருந்துக்கும் கால அட்டவணை சொல்லிவிடுங்கள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கால்நடை மருத்துவன்

பிறந்து இரண்டு வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப் புழு பால் வழியாக வரும். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம். எடைக்கு ஏற்ற அளவு முக்கியம். ஆசனவாயைச் சுற்றி அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும்போது உள்ளே போகிறது. மருந்து கொடுத்தும் திரும்ப வருகிறது என்றால் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கவில்லை என்று அர்த்தம்.

காவிரிப்பெண்

ஒரு சந்தேகம். மாமியார் ரசம் சாதம் வைக்கலாமே, காரம் போடாமல் என்கிறார். வைக்கலாமா?

அடுப்படி

வேண்டாம் காவிரிப்பெண். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாம்பாரில் வெங்காயத்தை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினாலும் சாறு அதில்தான் இருக்கிறது.

கால்நடை மருத்துவன்

அதோடு புளி. இது நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல காலமாகத் தெரியும், ஏன் என்பது தெரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்காவில் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு புளி தின்ற நாய்களுக்கும் அதே போலச் சிறுநீரகம் பாதித்ததைப் பதிவு செய்தார்கள். புளியின் புளிப்பே அந்த அமிலம்தான். எந்த அளவு தாங்கும் என்பது நாய்க்கு நாய் மாறுகிறது. புளிக்குழம்பு, ரசம், புளியோதரை மூன்றையும் நாய்த் தட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். கரைத்து வைத்த புளி, புளி உருண்டை எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். பாயசத்தில் போடும் திராட்சையும் அப்படியே.

சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் இன்னும் வேகமானது. அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை விழுந்து நாய் மயங்கும். அதைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது.

வைகைக்கரை

முடிவு வந்துவிட்டது. டிஎல்ஐ இயல்பு அளவுக்கு வெகு கீழே. பி12-ம் குறைவு. மலத்தில் ஜியார்டியா இல்லை, புழு முட்டை இல்லை. டாக்டர் இங்கே சொன்னதையே எங்கள் டாக்டரும் சொன்னார். கணைய நொதி ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்கிறார்.

நொதித் தூளை ஒவ்வொரு வேளை உணவிலும் கலக்கச் சொன்னார். பத்துக் கிலோ எடைக்கு ஒரு தேக்கரண்டி என்று தொடங்கியிருக்கிறோம். பி12 ஊசி வாரம் ஒன்று, ஆறு வாரத்துக்கு. தயிர் சாதத்தைக் குறைத்துவிட்டு, அடுப்படி அக்கா எழுதியபடி கோழியும் சோறும், காய் கொஞ்சம் குறைவாக.

மலம் சில நாளிலேயே கெட்டியானது. நிறமும் திரும்பிவிட்டது. பசி மட்டும் இன்னும் இருக்கிறது.

கேள்விகள்: தூள் கலந்த உணவைச் சற்று நேரம் ஊறவைக்க வேண்டுமா? கொழுப்பைச் சுத்தமாக நிறுத்த வேண்டுமா? தூள் விலை அதிகம், மனிதர்களுக்கான மாத்திரை கொடுக்கலாமா?

சிப்பிப்பாறையான்

நல்ல செய்தி. நானும் உணவுதான் காரணம் என்று நினைத்தேன். ஷெப்பர்ட் வளர்க்கும் நண்பர்களுக்கு இந்த இழையை அனுப்புகிறேன்.

கால்நடை மருத்துவன்

ஊறவைப்பதால் கூடுதல் பலன் இல்லை. ஆனால் உலர்ந்த தூளாக அப்படியே தூவாமல், உணவை ஈரமாக்கி நன்றாகப் பிசைந்து வையுங்கள். சில நாய்களுக்குத் தூள் பட்டு வாயில் புண் வரும், ஈறில் ரத்தம் கசியும். அப்படி வந்தால் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். சூடான சோற்றில் கலக்கக் கூடாது, நொதி செத்துவிடும். ஆறிய பிறகு கலக்க வேண்டும்.

கொழுப்பை நிறுத்த வேண்டாம். முன்பு அப்படிச் சொல்வார்கள், இப்போது சொல்வதில்லை. எடை ஏற அவனுக்குக் கொழுப்பு வேண்டும். நார்ச்சத்துதான் அதிகம் கூடாது, அது நொதியின் வேலையைக் கெடுக்கும். காயைக் குறைத்தது சரியான முடிவு.

மனிதர்களுக்கான மருந்தில் தூளாகவோ, உடைத்துக் கொட்டும் கேப்சூலாகவோ இருப்பதைக் கொடுக்கலாம். மேலே பூச்சுப் போட்ட மாத்திரையை அப்படியே கொடுத்தால் பல நாய்களுக்கு வேலை செய்வதில்லை. எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும். ஆட்டுக் கணையத்தைப் பச்சையாக நறுக்கிக் கலப்பதும் பழைய முறை, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நல்ல கறிக்கடைக்காரர் தினமும் எடுத்துத் தந்தால்தான் முடியும். உறையவைத்து வைத்துக்கொள்ளலாம்.

எடை நிலைத்த பிறகு தூளின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்பார்கள். பல நாய்களுக்குக் குறைந்த அளவே போதும், செலவும் குறையும். பி12 ஊசியைப் பாதியில் விடாதீர்கள். அது ஏறாவிட்டால் நொதி கொடுத்தும் எடை ஏறாது. மணியை இனவிருத்திக்கு விட வேண்டாம். அவன் உடன்பிறந்த குட்டிகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று தெரிந்தால் சொல்லி வையுங்கள்.

ஆவாரம்பூ

குட்டி இன்று தானாகவே தண்ணீர் குடித்தான். வாந்தி நின்றுவிட்டது. வேகவைத்த கோழியும் சோறும் ஒரு தேக்கரண்டி அளவில் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் எத்தனை நாளைக்கு இதே உணவு, டாக்டர்?

கால்நடை மருத்துவன்

மலம் கெட்டியாகி மூன்று நான்கு நாள் ஆகும் வரை. ஒரு பங்கு கோழி, இரண்டு பங்கு குழைந்த சோறு, நாளைக்கு ஐந்தாறு வேளையாக. அதன் பிறகு ஒரு வாரத்தில் குட்டிகளுக்கான உணவுக்கு மெதுவாக மாற்றுங்கள். கோழியும் சோறும் வயிறு ஆறும் வரைக்குத்தான். வளரும் குட்டிக்கு அது முழு உணவு ஆகாது. பூச்சி மருந்தை எப்போது தொடங்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பும் நாளில் மறக்காமல் கேளுங்கள்.

வைகைக்கரை

மணியின் உடன்பிறந்தவை இரண்டு திருமங்கலத்தில் இருக்கின்றன. ஒன்று நன்றாக இருக்கிறதாம். இன்னொன்றும் இளைத்துக்கொண்டே வருகிறது, மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். டிஎல்ஐ பார்க்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கிறார்கள்.